இரண்டு கோடி வருஷத்துப் பேப்பர் வெயிட்!

அமெரிக்காவில் மச்சான் இருப்பவர்களுக்கு மட்டுமே புரியக்கூடிய அவஸ்தை ஒன்று உண்டு. அவன் அங்கே எங்கேயாவது டூர் போனால், இங்கே நம் வீட்டு சாம்பாரில் உப்பு இருக்காது!

என் மச்சான் அரிசோனாவில் இருக்கிறான். போன மாசி மாசம் ஒரு ராத்திரி வாட்ஸ் அப்பில் படங்களாக வந்து குவிந்தன. கிராண்ட் கேன்யன் நேஷனல் பார்க். முதுகில் பை, தலையில் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில் சகிதம் மச்சான், அவன் மனைவி, இரண்டு குழந்தைகள். பின்னால் சிவப்புச் சிவப்பாய்ப் பாறை, பாதாளம்.

"446 கிலோமீட்டர் நீளமாம். ஒரு மைலுக்கு மேல ஆழமாம். கொலராடோ ஆறு லட்சக்கணக்கான வருஷமா அறுத்து அறுத்துப் பண்ணின பள்ளமாம்" என்று படித்துக் கொண்டே வந்த என் சகதர்மிணி, சற்று நிறுத்தி, "நாமளும் இருக்கோம். கடைசியா குடும்பத்தோட வெளிய போனது ரேஷன் கடைக்கு, கைரேகை வைக்க" என்றாள்.

நான் விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவன். கோப்பில் கேள்வி வந்தால் பதில் எழுதத் தெரியும். வீட்டில் கேள்வி வந்தால் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக் கொள்ளத்தான் தெரியும். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன்.

ஆனால் வினை இன்னொரு படத்தில் இருந்தது.

அடுத்த நாள் மச்சான் குடும்பம் 'பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட்' என்ற இன்னொரு நேஷனல் பார்க்குக்குப் போயிருந்தது. கல்லாகிப் போன காடு. பாலைவனத்தில் மரங்கள் வெட்டிப் போட்ட மாதிரி துண்டு துண்டாகக் கிடக்கின்றன. கிட்டே போய்த் தொட்டால் எல்லாம் கல்! இருபது கோடி வருஷத்துக்கும் முந்தைய மரங்கள். 1906-லேயே அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்து, 1962-ல் நேஷனல் பார்க் ஆகியிருக்கிறது.

"மாமா, இங்க ஒரு கூத்து கேளுங்க" என்று வீடியோ காலில் வந்தான் மச்சான். "இங்கேருந்து ஒரு சின்னத் துண்டு கூட எடுக்கக் கூடாது. எடுத்துட்டுப் போறவங்க கொஞ்ச நாள்ல மனசாட்சி உறுத்திப் போய், மன்னிப்பு லெட்டர் எழுதி, கல்லைப் பார்சல்ல திருப்பி அனுப்பறாங்களாம். 'இதை எடுத்ததிலேருந்து எனக்கு வேலை போச்சு, கல்யாணம் முறிஞ்சுது'ன்னு எல்லாம் எழுதறாங்களாம்! அப்படி வந்த கல்லே ஒரு பெரிய குவியலாக் கிடக்காம். அதுக்குப் பேரே மனசாட்சிக் குவியல்!"

எல்லோரும் சிரித்தோம். எட்டாவது படிக்கும் என் பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் பார்வை மெதுவாக நகர்ந்து டி.வி. ஸ்டாண்டு பக்கம் போனது. அங்கே கரண்ட் பில், பால் கார்டு, கல்யாணப் பத்திரிகைகள் எல்லாவற்றின் மேலும் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது ஒரு கல். உள்ளங்கை அளவு. பழுப்பு நிறம். உற்றுப் பார்த்தால் விறகுக் கட்டையில் தெரிவது போல் வரி வரியாய் ரேகை.

"அப்பா... அது திருவக்கரையிலேருந்து எடுத்துட்டு வந்ததுன்னு நீதானே சொன்னே?"

எனக்கு ஏ.சி. இல்லாமலே குளிர்ந்தது.

*

திண்டிவனத்துக்காரர்கள், விழுப்புரத்துக்காரர்கள், பாண்டிச்சேரிக்காரர்கள் எல்லோருக்கும் திருவக்கரை தெரியும். எதற்காகத் தெரியும்? வக்கிரகாளியம்மனுக்காக. பௌர்ணமி என்றால் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. சந்திரமௌலீஸ்வரர் கோயில், மூன்று முகம் கொண்ட லிங்கம், சம்பந்தர் பாடிய தலம். எல்லாம் சரி. ஆனால் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், தேசிய கல்மரப் பூங்கா என்று ஒன்று இருப்பது வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பாதிப் பேர், "கல்லுதானே, வெயில்ல என்ன பாக்கறது?" என்று சுண்டல் வாங்கப் போய் விடுவார்கள்.

எனக்குத் தெரியும். 1994-ல் நானும் எட்டாவது படித்தேன். பள்ளிக்கூடத்தில் எக்ஸ்கர்ஷன் கூட்டிப் போனார்கள். வாத்தியார் விளக்கம் சொல்லிக் கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் நின்ற நான், காலடியில் கிடந்த ஒரு துண்டை டிராயர் பாக்கெட்டில் போட்டுக் கொண்டேன். அந்த வயசுக்கு அது வீரம். அப்புறம் அது என் படிப்பு மேஜையில் இருந்தது. வேலை கிடைத்ததும் ஆபீஸ் மேஜைக்கு வந்தது. ஃபேன் காற்றில் எத்தனையோ கோப்புகள் பறக்காமல் காத்தது. நான் இடம் மாறிய ஊர்களுக்கெல்லாம் கூடவே வந்து, கடைசியில் டி.வி. ஸ்டாண்டில் செட்டில் ஆகி விட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "கையில எடுத்துப் பாருங்க சார், ரெண்டு கோடி வருஷம்" என்று பெருமையாகக் காட்டியிருக்கிறேன். ஒருத்தர் கூட "எங்கே எடுத்தீர்?" என்று கேட்டதில்லை.

பையன் கேட்டு விட்டான்.

"ஞாயித்துக்கிழமை போய்த் திருப்பிக் குடுத்துட்டு வந்துடலாம்பா" என்றான். போன வாரம்தான் பக்கத்து வீட்டுப் பையனின் பேனாவை எடுத்து வந்ததற்காக அவனை நிற்க வைத்து அரை மணி நேரம் நீதி போதனை செய்திருந்தேன். வேறு வழி?

"அமெரிக்காவுல இருக்கற அதே ஐட்டம் நம்ம ஜில்லாவுலயே இருக்கு. செவப்பு மண்ணு, ஓடை, கல்மரம், எல்லாம். பஸ் சார்ஜ்ல முடிச்சுடலாம்" என்று விஷயத்தைக் குடும்ப டூராக மாற்றி அறிவித்தேன். மனைவி முகத்தில் உப்பு மட்டுமல்ல, சர்க்கரையும் திரும்பி வந்தது.

*

ஞாயிறு காலை ஆறு மணிக்கே விழுப்புரத்தில் பஸ் பிடித்துத் திண்டிவனம். அங்கே மாமனார் வீடு. மாமா ஒரு மாற்று யோசனை வைத்திருந்தார்.

"மாப்ளே, மலையேறணும்னா செஞ்சிக்குப் போலாமே! 2025-ல யுனெஸ்கோவே உலகப் பாரம்பரியச் சின்னம்னு பட்டியல்ல சேர்த்துட்டான். ராஜகிரி எண்ணூறு அடி!"

"உங்க முட்டிக்கு எட்டுப் படியே அதிகம்" என்று அத்தை தீர்ப்புச் சொல்ல, செஞ்சி தள்ளுபடி ஆனது.

ஒரு வேன் பேசினோம். புளிசாதம், தயிர்சாதம், வடாம், இரண்டு குடம் அளவுக்குத் தண்ணீர். மாமா கையில் கறுப்புக் குடை. மயிலம் தாண்டி, பாண்டிச்சேரிப் பாதையிலிருந்து திரும்பியதும் மண் நிறம் மாற ஆரம்பித்தது. எதிரே ஜல்லி லாரிகள் வரிசையாக வந்து எங்களுக்கெல்லாம் பவுடர் பூசி விட்டுப் போயின. சுற்று வட்டாரத்தில் கல் குவாரிகள். கல்லை உடைத்து லாரி லாரியாக ஏற்றுகிற ஊருக்கு, ஒரே ஒரு கல்லைத் திருப்பிக் கொடுக்கப் போகும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக் கொண்டேன்.

காளியம்மனைக் கும்பிட்டு விட்டுப் பூங்காவுக்கு வந்தபோது மணி ஒன்பதரை. வெயில் அப்போதே சுள்ளென்றது. முள் செடிகள், கொஞ்சம் புதர், செம்மண் மேடு. அதில் மழைத் தண்ணீர் அறுத்த சின்னச் சின்ன ஓடைகள்.

"எங்கங்க கேன்யன்?" என்றாள் மனைவி.

முழங்கால் ஆழத்துக்கு இருந்த ஓர் ஓடையைக் காட்டினேன்.

அவள் ஓடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நல்லவேளை, குழந்தைகள் இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

"சிரிக்காதே" என்றேன். "கிராண்ட் கேன்யனும் ஒரு நாள் முழங்கால் ஆழத்துலதான் இருந்திருக்கும். இதே வானூர்த் தாலுகாவில, ஆரோவில் பக்கம் போனா ஆள் மறையற ஆழத்துக்குச் செவப்புப் பள்ளம் இருக்கு. மரத்தையெல்லாம் வெட்டிட்டா மழை சும்மா விடுமா? மண்ணை அறுத்து அறுத்துக் கடலுக்குக் கொண்டு போகும். 1968-ல ஆரோவில் ஆரம்பிச்சப்போ அந்த மேடு பூரா பொட்டல். வரப்புக் கட்டி, மரம் நட்டுத்தான் மண்ணை நிறுத்தினாங்க. அமெரிக்காவுல கேன்யன் பெருமை. நம்ம ஊர்ல மண்ணு போயிடுச்சேங்கற எச்சரிக்கை."

இவ்வளவு நீளமாக நான் வீட்டில் பேசியதே இல்லை. ஆச்சரியத்தில் அத்தை வடாம் கொடுத்தார்.

அப்புறம்தான் கல்மரங்களைப் பார்த்தோம்.

முதலில் மரம் என்றே தோன்றியது. யாரோ நேற்று ராத்திரி ரம்பம் போட்டு அறுத்து, லாரி வராததால் விட்டு விட்டுப் போன மாதிரி நீள நீளமாய்க் கிடக்கிற கட்டைகள். பட்டை மாதிரி வரி. வெட்டு முகத்தில் வளையம். என் சின்னப் பெண் ஓடிப் போய்த் தொட்டு விட்டு, "ஐயோ, சுடுது! கல்லு!" என்று கத்தினாள்.

மூன்று மீட்டர் முதல் பதினைந்து மீட்டர் நீளம் வரை, இங்கே இருநூறு கல்மரங்கள் போலக் கண்டறியப்பட்டிருக்கின்றன. மொத்தப் பரப்பு 247 ஏக்கர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பு. இதைப் பற்றி முதலில் பதிவு செய்தவர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர், 1781-ல். திப்பு சுல்தான் பட்டத்துக்கு வருவதற்கும் முன்னால்!

"மரம் எப்படிப்பா கல்லாகும்?" என்றான் பையன்.

இந்தக் கேள்விக்கு நான் இரண்டு நாளாகத் தயார் செய்திருந்தேன்.

"சுமார் ரெண்டு கோடி வருஷத்துக்கு முன்னாடி பெரிய வெள்ளத்துல மரங்கள் அடிச்சுட்டு வந்து இங்க மணல்ல புதைஞ்சு போச்சு. காத்துப் படாததால மக்கல. மண்ணுக்குள்ள ஓடற தண்ணியில சிலிக்கான்னு ஒண்ணு கரைஞ்சிருக்கும், மணல்ல இருக்கற அதே சரக்கு. அது மரத்துக்குள்ள நுழைஞ்சு, ஒவ்வொரு நுண்ணறையா நிரப்பி, மரம் இருந்த இடத்தைக் கல்லு பிடிச்சுக்கிச்சு."

அவனுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. எனக்குத் தெரிந்த உதாரணத்தில் சொன்னேன்.

"எங்க ஆபீஸை எடுத்துக்கோ. ஒருத்தர் ரிடையர் ஆவார், அதே நாற்காலியில வேற ஒருத்தர் வந்து உக்காருவார். முப்பது வருஷத்துல பழைய ஆள் ஒருத்தர் கூட இருக்க மாட்டார். ஆனா அதே நாற்காலி, அதே வரிசை, அதே ஆபீஸ். பாக்கறவனுக்கு வித்தியாசமே தெரியாது. அது மாதிரி மரம் பூரா ரிடையர் ஆயிடுச்சு. உக்காந்திருக்கறது கல்லு."

"உங்க ஆபீஸ்லயும் எதுவும் நகராதுல்ல?" என்றாள் மனைவி.

பதில் சொல்லவில்லை.

மாமா குடையை ஊன்றிக் கொண்டு ஒரு கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மாப்ளே, கிளையே காணமே? வேரும் இல்லை, இலையும் இல்லை" என்றார்.

அசந்து போனேன். நிபுணர்கள் கவனித்த விஷயமே அதுதான்! மரங்கள் இங்கேயே வளர்ந்திருந்தால் வேர் மண்ணில் நின்றிருக்க வேண்டும். வேரும் கிளையும் இல்லாத வெறும் அடிமரங்கள் படுத்துக் கிடப்பதால், இவை வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் உருண்டு வந்தவை என்று முடிவு கட்டினார்கள். ரேகையையும் நுண்ணறை அமைப்பையும் வைத்து, எந்தக் குடும்பத்து மரம் என்று கூடச் சொல்லி விடுகிறார்கள். புளி சேர்ந்த குடும்பம், ஆமணக்கு சேர்ந்த குடும்பம் என்று நம் கொல்லைப்புறத்துச் சொந்தக்காரர்களும் இந்தப் பட்டியலில் உண்டு.

அத்தைக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. "வக்கிராசுரனைப் பெருமாள் வதம் பண்ணினார்ல, அவனோட எலும்புடா இதெல்லாம்" என்று பேரன் காதில் ஓதி விட்டு, ஒரு கும்பிடும் போட்டார். இது ஊரில் பெரியவர்கள் பரம்பரையாகச் சொல்லி வரும் கதை. பையன் என்னைப் பார்த்தான். "ரெண்டையும் தெரிஞ்சு வெச்சுக்கோ. பரீட்சையில நான் சொன்னதை எழுது. ஆயா கேட்டா ஆயா சொன்னதைச் சொல்லு" என்றேன். குடும்பஸ்தனுக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லாவிட்டால் வடாம் கிடைக்காது.

*

இனி முக்கியமான காரியம். பையில் இருந்த கல்லை எடுத்தேன். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தேன்.

"எந்த இடத்துலப்பா எடுத்தே? அங்கயே வெச்சுடலாம்" என்றான் பையன்.

சுற்றும் முற்றும் பார்த்தேன். இந்த மேடா? அந்த ஓடை ஓரமா? வாத்தியார் எந்தப் பக்கம் நின்றார்? நான் எந்த மரத்தை ஒட்டி நின்றேன்? முப்பது வருஷத்தில் எத்தனை மழை, எத்தனை மண் சரிந்திருக்கும். ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. பையன் என் முகத்தையே பார்த்துக் கொண்டு நின்றான். ஆபீஸில் தணிக்கைக்காரர் முன்னால் கூட நான் அப்படி விழித்ததில்லை.

"தெரியலைடா" என்றேன்.

"அப்ப எங்கயாச்சும் போட்டுடலாமா?"

அப்போதுதான் மச்சான் பேச்சின் பிற்பாதி ஞாபகம் வந்தது. அரிசோனாவில் திரும்பி வந்த கற்களை ஏன் குவியலாகப் போட்டு வைத்திருக்கிறார்கள் தெரியுமா? பழையபடி பூங்காவில் போட முடியாது. எந்தத் துண்டு எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதுதான் ஆராய்ச்சிக்காரர்களுக்கு முக்கியம். தப்பான இடத்தில் ஒரு கல்லைப் போட்டால், அது பொய்ச் சாட்சி சொல்லும். அதனால் மன்னிப்புக் கடிதத்தோடு வந்த கற்கள் வீட்டுக்கும் போகாமல், காட்டுக்கும் போகாமல் ஒரு பாதையோரம் அகதியாகக் கிடக்கின்றன.

இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப கல்லைத் திருப்பிக் குடுக்கலாம்... எடுத்த இடத்தைத் திருப்பிக் குடுக்க முடியாதா?" என்றான்.

நான் அந்தப் பேனாவுக்காக அரை மணி நேரம் பேசிய நீதி போதனையை அவன் ஒரே வரியில் பேசி விட்டான்.

காவலாளி நிழலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொல்லிக் கல்லை நீட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"எத்தினி வருஷம் ஆச்சு சார்?"

"முப்பதுக்கு மேல."

"ஒரு துண்டுதானேன்னு எல்லாரும் நெனைக்கறாங்க சார். வர்றவங்க ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தா, கடைசியா வர்றவங்களுக்கு வேலிதான் இருக்கும். புள்ளைங்க பாக்கெட்டைப் பாத்தா, கூட வந்த பெரியவங்க என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க. குடுக்க வந்ததுன்னு நான் பாத்தது உங்களைத்தான்" என்றார். பிறகு பையனைப் பார்த்து, "உங்கப்பாவை நீதான் இழுத்துட்டு வந்தியா?" என்று சிரித்தார்.

"ஆபீசருங்க வர்றப்ப விஷயத்தைச் சொல்லிக் குடுத்துடறேன். அது வரைக்கும் இங்க இருக்கட்டும்" என்று கல்லைத் தன் மேஜை மேல் வைத்தார். மேஜையில் வருகைப் பதிவு நோட்டு விரித்தபடி இருந்தது. வெயில் காற்று ஒன்று வீசி, அதன் பக்கங்கள் படபடவென்று அடித்துக் கொள்ள, அவர் சர்வ சாதாரணமாகக் கல்லை எடுத்து நோட்டின் மேல் வைத்தார்.

நோட்டு அடங்கியது.

முப்பது வருஷ டெபுடேஷன் முடிந்து, என் பேப்பர் வெயிட் தாய்த் துறையில் மீண்டும் பணியில் சேர்ந்து விட்டது!

*

திரும்பும்போது வேனில் எல்லோரும் தூங்கினார்கள். நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் வாருங்கள். காலையிலேயே போய் விடுங்கள். தண்ணீரும் தொப்பியும் அவசியம். மாமா வந்தால் குடை அவர் கொண்டு வருவார். சாப்பாட்டை வெளியே வைத்துக் கொள்ளுங்கள். தொட்டுப் பாருங்கள், படம் எடுங்கள். குழந்தைகளிடம் ரெண்டு கோடி வருஷக் கதையையும் சொல்லுங்கள், அசுரன் கதையையும் சொல்லுங்கள். கிளம்பும்போது குழந்தைகள் பாக்கெட்டை ஒரு தடவை தடவிப் பாருங்கள். முடிந்தால் உங்கள் பாக்கெட்டையும்.

ராத்திரி மச்சானுக்கு எங்கள் கேன்யன் படத்தை அனுப்பினாள் மனைவி. முழங்கால் ஆழ ஓடையில் மாமா குடையோடு நிற்கிறார். "சூப்பர், எந்த ஊர்?" என்று பதில் வந்தது. "உன் ஊர்தான்டா, திண்டிவனத்திலேருந்து ஒரு மணி நேரம்" என்று அடித்து அனுப்பினாள். மறுநாள் சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது.

டி.வி. ஸ்டாண்டில் மட்டும் காகிதங்கள் பறந்து கொண்டிருந்தன. பையன் தன் உண்டியலை எடுத்து வந்து அவற்றின் மேல் வைத்தான்.

"இது என்னோடதுதாம்பா. யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க" என்றான்.